மலைக்கு இருபுறமும் ஒரே இலை

தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் கூட்டம் கூடிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைகின்ற காற்று, தன்னோடு கொண்டுவந்த சாரலைத் தென்காசித் தெருக்களிலும் தூவிவிட்டுப் போகும். ஆண்டுதோறும் அச்சாரலில் நனைந்து மகிழ்கின்ற நாம், அதே கணவாய் வழியே இரவும் பகலும் போய்வருகின்ற சுமைகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. காய்கறி போகிறது, வைக்கோல் போகிறது, மணலும் சிமெண்டும் போகின்றன. அவற்றுக்கு அடியில் ஒளிந்துகொண்டு வேறொரு சரக்கும் போகிறது. அது புகையிலை.

இதைப் பேச நாம் தயங்குவதற்குக் காரணம் உண்டு. புகையிலை என்பது நம் வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு அயலாருடைய சரக்கன்று. தென்காசி, கடையநல்லூர், வடகரை என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பீடி சுற்றி அடுப்பெரித்த வீடுகள் அங்கே உண்டு. பெட்டிக்கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த வாப்பாமார்களும் உண்டு. ஆதலால் புகையிலைக் கடத்தலைப் பற்றி எழுதப்புகும்போது, யாரோ சில கயவர்களைப் பற்றி எழுதுவதுபோல் எழுதிவிட நம்மால் இயலாது. நம் வீட்டுத் திண்ணையிலிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது.

முதலில் எல்லையைப் பார்ப்போம். தென்காசியிலிருந்து மேற்கே ஏழெட்டுக் கிலோமீட்டர் சென்றால் செங்கோட்டை. அதற்கப்பால் புளியரை. அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து மலையேறிக் கோட்டைவாசலை அடையும். அதனை அடுத்து ஆரியங்காவு. இன்று புளியரை தமிழ்நாட்டின் கடைசி ஊர். கோட்டைவாசலில் கேரளம் தொடங்கிவிடுகிறது. ஆனால், 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை நிலைமை வேறு. செங்கோட்டை அதுவரை திருவிதாங்கூருக்கு உரியது. தென்காசியும் குற்றாலமும் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவை. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு மேற்கே நடந்தவர், துண்டு காயுமுன்னரே வேற்றரசின் மண்ணில் கால் வைத்துவிடுவார். மலை அப்போதும் இருந்தது. ஆனால் எல்லைக்கோடு மலையின் மேல் இல்லை. மலையின் இப்புறத்துச் சமவெளியில், வயல்களுக்கும் தோப்புகளுக்கும் நடுவே ஓடிற்று.

அந்தக் கோட்டுக்கும் புகையிலைக்கும் நெருங்கிய உறவு இருந்தது. திருவிதாங்கூர் அரசு புகையிலை வாணிபத்தைத் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கருநிறமான, காரம் மிகுந்த புகையிலையை ஒப்பந்த முறையில் வரவழைத்து, அரசு குறித்த விலைக்கே மக்களுக்கு விற்றார்கள். வெற்றிலையோடு அதனை மெல்லும் வழக்கம் மலையாள நாடெங்கும் பரவியிருந்தமையால் கருவூலத்துக்கு அது பெரும் வருவாய் தந்தது. வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே கிடந்த பள்ளமோ மிகப் பெரியது. மலைக்குக் கிழக்கே, ஆங்கிலேயர் ஆண்ட சீமையில் விளைந்த இலை மலிவாகக் கிடைத்தது. இங்கே மலிவு, அங்கே உயர்வு என்றால் இடையிலுள்ள ஒற்றையடிப்பாதைகள் உறங்குமா? தலைச்சுமையாகவும் மாட்டின் மேலும் புகையிலை எல்லை கடந்தது. அதைத் தடுக்கச் சௌக்கைகள் வைத்தார்கள், காவலர்களை நிறுத்தினார்கள். காவல் பெருகப் பெருகக் கள்ளச்சரக்கின் விலையும் பெருகிற்றேயன்றி, வரத்து நிற்கவில்லை.

திவான் மாதவராவ் காலத்தில், 1863-ஆம் ஆண்டில், அத்தனியுரிமை நீக்கப்பட்டது. எவரும் புகையிலை கொண்டுவரலாம். சுங்கம் மட்டும் செலுத்தினால் போதும் என்றாயிற்று. இரண்டாண்டுகள் கழித்து 1865-இல் ஆங்கில அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட வாணிப உடன்படிக்கை, எல்லைச் சுங்கங்களுள் பெரும்பாலானவற்றை ஒழித்தது. ஆயினும் புகையிலைக்கு விலக்கு வைத்துக்கொண்டார்கள். துணிமணிக்கும் தானியத்துக்கும் திறந்த வழி, புகையிலைக்குத் திறக்கவில்லை. அரசுகளுக்கும் இந்த இலையின் மேல் எத்துணைப் பற்று என்பதை இதிலிருந்தே உணரலாம்.

இது திருவிதாங்கூருக்கு மட்டும் உரிய கதையன்று. ஏறத்தாழ அதே நூற்றாண்டில் துருக்கியை ஆண்ட உதுமானியப் பேரரசும் இதே வழியில் சென்று துன்புற்றது. வெளிநாட்டுக் கடனில் மூழ்கியிருந்த அப்பேரரசு, 1883-ஆம் ஆண்டில் புகையிலை உரிமையை ஐரோப்பிய முதலாளிகளின் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தது. 'ரெஜி' என்று அதனை அழைத்தார்கள். தன் நிலத்தில் தானே விளைவித்த இலையை உழவன் தன் விருப்பப்படி விற்கக்கூடாது. நிறுவனம் குறித்த விலைக்கு நிறுவனத்துக்கே தரவேண்டும். உழவர்கள் இரவோடிரவாக இலையைக் கடத்தலானார்கள். நிறுவனம் துப்பாக்கி ஏந்திய காவலர்களை ஏவிற்று. காவலரும் முஸ்லிம்கள், கடத்தியவரும் பெரும்பாலும் முஸ்லிம்கள். ஒரே பள்ளியில் ஒரே அணியில் நின்று தொழுதவர்கள் மலைச்சரிவில் ஒருவரையொருவர் சுட்டு மாய்ந்தனர். இலாபமோ கடல்கடந்து போயிற்று. 1925-இல் துருக்கிக் குடியரசு அவ்வுரிமையை மீட்டுக்கொண்ட பின்னரே அந்த அமைப்பு முடிவுக்கு வந்தது.

இவ்விரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கடத்தல்காரன் விற்பது புகையிலையை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவன் விற்பது எல்லையை. இருபுறத்துக்கும் இடையே உள்ள வேற்றுமைதான் அவனுடைய சரக்கு. அந்த வேற்றுமை விலையில் இருக்கலாம், வரியில் இருக்கலாம், சட்டத்தில் இருக்கலாம். 1956-இல் எல்லைக்கோடு செங்கோட்டைக்குக் கிழக்கிலிருந்து மலையுச்சிக்கு நகர்ந்தது. அந்த ஒரே நாளில், அதுவரை எல்லையூராக இருந்த இடம் உள்ளூராயிற்று. உள்ளே இருந்த புளியரை எல்லையூராயிற்று. இலை மாறவில்லை, மனிதர் மாறவில்லை, குற்றம் நிகழும் இடம் மட்டும் சில கிலோமீட்டர் மேற்கே போய்விட்டது.

நம் காலத்திலும் இதற்குச் சான்று உண்டு. தமிழ்நாட்டில் 2001-ஆம் ஆண்டு நவம்பரில் குட்காவுக்கும் மெல்லும் புகையிலைக்கும் தடை விதித்தார்கள். 2004-இல் உச்சநீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. பிறகு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2011-இல் வந்த விதிகள், உணவுப்பொருள் எதிலும் புகையிலையோ நிகோட்டினோ சேர்க்கக்கூடாது என்று கூறின. அவ்விதிகளின் துணைகொண்டு கேரளம் 2012 மே மாதத்தில் குட்காவைத் தடை செய்தது. தமிழ்நாடு 2013 மே மாதத்தில் தடை செய்தது. இடைப்பட்ட ஓராண்டை எண்ணிப் பாருங்கள். புளியரைக் கடையில் கயிற்றில் தொங்கிய அதே பொட்டலம், மலையேறி ஆரியங்காவில் இறங்கியதும் குற்றப்பொருளாயிற்று!

இப்போது இருபுறமும் தடைதான். சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஜனவரியில் தமிழ்நாட்டு ஆணைகளை நீக்கியது. அதே ஆண்டு ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. மற்றொரு புறம், 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது மாநிலங்களின் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. வரி வேற்றுமை போயிற்று. தடையால் விளைந்த விலை வேற்றுமை நின்றுவிட்டது. கருநாடகத்திலிருந்து வெங்காய மூட்டைகளுக்கும் காய்கறிக் கூடைகளுக்கும் அடியில் பொட்டலங்கள் புறப்படுகின்றன. தமிழ்நாட்டைக் கடந்து கேரளம் வரை போகின்றன. தடைக்குத் தப்பும் தந்திரமும் உண்டு. பாக்குத்தூளை ஒரு பொட்டலத்திலும் புகையிலையை மற்றொரு பொட்டலத்திலுமாக இணைத்து விற்பார்கள். வாங்குகிறவன் தானே கலந்துகொள்வான். அச்சிட்ட விலை ஒன்று. கடைக்காரன் வாங்கும் விலை வேறு. மெல்லுகிறவன் கொடுக்கும் விலை அதனினும் பன்மடங்கு.

ஒருமுறை தென்காசியிலிருந்து புனலூருக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தோம். சோதனைச்சாவடியில் காவலர்கள் ஏறினார்கள். பின்னிருக்கையின் அடியிலிருந்து சாக்குமூட்டை ஒன்றை இழுத்து வெளியே வைத்தார்கள். பிரித்தபோது மேலே முருங்கைக்காய், கீழே பொட்டலச் சரங்கள். "இது யாருடையது?" என்று கேட்டார் காவலர். பேருந்து முழுவதும் அமைதி. ஏறத்தாழ நாற்பது பேர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூட்டையைக் கீழே இறக்கிக்கொண்டு பேருந்தை அனுப்பிவிட்டார்கள். எங்களுள் ஒருவர் அதை ஏற்றியிருக்கத்தான் வேண்டும். ஆயினும் அவர் கூலிக்குச் சுமந்தவராகவே இருந்திருப்பார். அந்த மூட்டையின் உண்மையான உடைமையாளர் எந்தப் பேருந்திலும் ஏறுவதில்லை. எந்தச் சாவடியிலும் நிற்பதில்லை. அவருக்கு மூட்டை போனால் ஒரு நாள் இலாபம் போகும். சுமந்தவன் அகப்பட்டால் அவன் பெயரே போய்விடும்.

கொல்லம் பக்கத்தில் சிறிய கடை வைத்திருக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒருவர் பெருநாளைக்கு ஊருக்கு வந்திருந்தபோது, இதுபற்றி அவரிடம் கேட்டோம். அவர் மறைக்கவில்லை.

"மாமா, நான் விக்கலைன்னா எதிர்த்த கடைக்காரன் விப்பான். தேடி வர்ற ஆளு சும்மாவா வர்றான்? டீ குடிப்பான், ரெண்டு வடை திம்பான், சோப்பு வாங்குவான். அது இல்லைன்னு சொன்னா, டீக்கும் அங்கேயே போயிருவான்."

"அகப்பட்டால்?"

"அபராதம் கட்டணும். கடைக்கு சீல் வைப்பாங்க. போன வருஷம் நான் ஊருக்கு வந்திருந்தப்ப, கடையில இருந்த பையன்தான் மாட்டினான். அவன் பேருலதான் கேஸு."

அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயது. வளைகுடா செல்வதற்காகக் கடவுச்சீட்டுக்கு எழுதிப்போட்டிருந்தவன். வழக்கு முடியும்வரை அது நகரவில்லை. கல்லாவில் விழுந்த பணம் அவனுடையதன்று; ஆனால், பெயர் அவனுடையதாயிற்று. பேருந்தில் கண்ட மூட்டைக்குச் சொன்ன கணக்கே இங்கும் பொருந்துகிறதல்லவா? உயரத்தில் இருப்பவனுக்கு இலாபம். கீழே இருப்பவனுக்கு வழக்கு. நம் சமுதாயத்துப் பிள்ளைகள் இத்தொழிலில் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதை ஒவ்வொரு பெற்றோரும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இந்த இடத்தில் நம்மை நோக்கி ஒரு கேள்வி எழும். எழவும் வேண்டும். பீடி சுற்றும் ஓர் அம்மையார் அதனை நேராகவே நம்மிடம் கேட்டார். மடியில் சுளகு, சுளகில் புகையிலைத்தூள், கையில் வெட்டிய இலை. விரல்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கப் பேச்சும் ஓடிற்று.

"அந்தப் பொட்டலத்தை வித்தா ஹராமுங்கிறீங்க. நான் முப்பது வருஷமா இந்தத் தூளைத்தான் சுத்துறேன். இதுவும் அதே இலைதானே தம்பி? எங்க சம்பாத்தியத்தை என்னன்னு சொல்வீங்க?"

எளிதில் விடை கூறிவிடக்கூடிய கேள்வியா இது? அவர் வீட்டுச் சுவரில் கணவரை இழந்த பின் அவர் வளர்த்த மூன்று பெண்மக்களின் திருமணப் படங்கள் தொங்கின. மத்தியப் பிரதேசத்துக் காடுகளிலும் ஒடிசாவின் காடுகளிலும் பறித்த பீடியிலை, குஜராத்திலும் கருநாடகத்து நிப்பாணியிலும் விளைந்த புகையிலை ஆகியவை அவர் சுளகுக்கு வந்து சேர்கின்றன. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்பது கணக்கு. ஆயிரத்தை எண்ணிக் கட்டி எடுத்துச் சென்றால், சரியில்லை என்று கழித்தது போக மிச்சத்துக்குத்தான் கூலி. இத்தொழிலாளர்களுக்காக 1966-இல் ஒரு சட்டமும், 1976-இல் நலநிதிச் சட்டமும் பிறந்தன. வருங்கால வைப்புநிதி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை என்று ஏதோ ஒரு நிழல் கிடைத்தது. ஜி.எஸ்.டி. வந்தபோது பீடிக்கு 28 விழுக்காடு வரி விதித்தார்கள். நலநிதிக்காகப் பிரித்த தீர்வையும் நின்றுபோயிற்று.

அந்த அம்மையாரிடம் நாம் கூறியது இதுதான்: "உங்கள் உழைப்பு வெளிச்சத்தில் நடக்கிறது. உங்கள் பெயர் ஏட்டில் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, கூலி இருக்கிறது. நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. மூட்டைக்கு அடியில் ஒளிந்து போவது அத்தகையதன்று." அவர் சிரித்துக்கொண்டார். "அப்போ இலை மேல குத்தம் இல்லைங்கிறீங்களா?" என்றார். இல்லையென்று சொல்ல நம் நா எழவில்லை. புகையிலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் முஸ்லிம் நாடுகளுக்கு வந்த பொருள். ஆகையால் அது மக்ரூஹா, ஹராமா என்று உலமாக்கள் நெடுங்காலம் வாதிட்டார்கள். அதன் தீங்கு மருத்துவத்தால் ஐயமின்றி நிலைநாட்டப்பட்ட பின், கடுமையான பக்கமே வலுப்பெற்று வந்திருக்கிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதின்மூன்றரை இலட்சம் பேர் புகையிலையால் உயிரிழப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. 2016-17-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் வயதுவந்தோருள் 28.6 விழுக்காட்டினர் புகையிலைப் பழக்கம் உடையோராய் இருந்தனர். புகைத்தவர்களைவிட மென்றவர்களே அதிகம். சுற்றுகிறவர்களுக்கும் தூளின் நெடியால் இருமல் மிஞ்சுகிறது.

ஆகவே இரண்டு உண்மைகளையும் ஒருங்கே ஏற்கவேண்டியிருக்கிறது. சுளகின் முன் குனிந்திருக்கும் தாயின் உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால், அந்தச் சுளகு அவர் மகளின் மடிக்கும் பேத்தியின் மடிக்கும் மாறவேண்டியதில்லை. இதைத் தாய்மார்களே நம்மைவிட நன்கு அறிவார்கள். மகளைக் கல்லூரிக்கு அனுப்புவதற்காகவே கூடுதலாக இருநூறு பீடி சுற்றுகிறவர்கள் அவர்கள்.

கடத்தல், இந்த நேரிய உழைப்பின் வயிற்றிலும் அடிக்கிறது என்பதை மறந்துவிடலாகாது. பெயர்பெற்ற பீடிகளின் சுற்றுத்தாளைப் போலியாக அச்சிட்டு, வரியும் வைப்புநிதியும் இல்லாமல் சுற்றிய மட்டமான பீடியை விற்பவர்கள் இருக்கிறார்கள். போலி விற்ற அளவுக்கு உண்மைப் பீடியின் தேவை குறையும். தேவை குறைந்தால் ஆயிரம் என்பது எழுநூறாகும். வாரத்தில் ஆறு நாள் வேலை நான்கு நாளாகும். கடலிலும் இதே கதை. இலங்கையில் பீடியிலை இறக்குமதிக்கு வரி மிகுதி. அதனால் தூத்துக்குடி, இராமநாதபுரம் கரைகளிலிருந்து பீடியிலைப் பொதிகள் படகேறிக் கற்பிட்டி, புத்தளம், மன்னார்க் கரைகளை நோக்கிப் போகின்றன. இலங்கைக் கடற்படை பலமுறை அவற்றைப் பிடித்திருக்கிறது. அங்கும் பிடிபடுகிறவர்கள் நாட்கூலிக்குப் படகோட்டிய மீனவ இளைஞர்கள். பொதியை அனுப்பியவர் கரையிலேயே இருக்கிறார்.

உலக நாடுகளும் வாளாவிருக்கவில்லை. புகையிலைக் கள்ளவாணிபத்தை ஒழிக்க 2012-இல் தென்கொரியாவின் சியோல் நகரில் தனி உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். 2018 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு இந்தியாவும் அதில் இணைந்தது. ஒவ்வொரு பொட்டலமும் எங்கே பிறந்தது, எவ்வழியே சென்றது என்று தடம்பற்றிச் செல்வதே அதன் உயிர்நாடி. நல்ல ஏற்பாடுதான். மூட்டையைப் பிடிப்பதோடு நில்லாமல், அதை அனுப்பியவரைப் பிடிக்கவேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. அது கைகூடும் நாள் விரைந்து வரட்டும். ஆனால், அதுவரை நம் கையில் ஒன்றுமில்லை என்று இருந்துவிடலாமா?

நம் கையில் இருப்பவை சிறியவை, ஆயினும் நம்முடையவை. கடை வைத்திருக்கும் சகோதரர்கள், அந்தப் பொட்டலம் தங்கள் கடையில் இல்லை என்று சொல்லத் தொடங்கலாம். ஒருவர் சொன்னால் வாடிக்கை எதிர்க்கடைக்குப் போகும் என்பது உண்மையே. ஒரு தெருவின் கடைக்காரர்கள் ஜும்ஆ முடிந்து பள்ளி வளாகத்திலேயே கூடிப் பேசி ஒன்றாய் முடிவெடுத்தால் வாடிக்கை எங்கே போகும்? கல்வி நிலையங்களுக்கு நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது, பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கக்கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. உதட்டுக்குள் ஒளித்துவைக்கும் சிறு பைகளாக இச்சரக்கு பள்ளி மாணவர் வரை வந்துவிட்ட நிலையில், அதைக் காப்பது காவலரின் வேலை மட்டுமன்று. மதரஸாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நம் பிள்ளைகள்தாமே போகிறார்கள்?

ஜமாஅத்தார் மற்றொன்றும் செய்யலாம். ஊருக்குப் பணம் கொண்டுவருகின்ற இளைஞரைக் கண்டதும் சபையின் முன்வரிசையில் அமர்த்துகிறோம். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால் 'வியாபாரம்' என்கிறார்கள். பெண் வீட்டார் மனம் நிறைந்து எழுந்துவிடுகிறார்கள். 'என்ன வியாபாரம்?' என்ற இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. வீட்டின் தளம் பளிங்காக இருக்கிறதா என்று பார்க்கின்ற நம் கண், அந்தப் பளிங்கு எந்த மூட்டையின் அடியிலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை. அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கும் துணிவு நம் தாய்மார்களுக்கும் ஜமாஅத்துப் பெரியவர்களுக்கும் வந்துவிட்டால், புளியரைச் சாவடி செய்ய முடியாத வேலையை நம் வீட்டு நடைகளே செய்துவிடும்.

பீடி சுற்றி மூன்று பெண்மக்களைக் கரையேற்றிய அந்த அம்மையார், ஒவ்வொரு பெண்ணுக்கும் மாப்பிள்ளை பார்த்தபோது அந்தக் கேள்வியைக் கேட்டவர். நடுமகளுக்கு வந்த பெரிய இடம் ஒன்றை, விடை சரியாக வரவில்லை என்பதற்காகவே திருப்பி அனுப்பியதாகச் சொன்னார். "அவ இப்போ தையல் கடை வச்சிருக்கா, மாப்பிள்ளை கொத்தனாரு. ராத்திரி நிம்மதியாத் தூங்குறாங்க" என்று கூறிவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அடுத்த இலையை எடுத்தார்.